நோயாளியா, வேலையில்லாதவரா?

ஒரு நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு மாதாமாதம் இ.எஸ்.ஐ. சந்தா கட்டும்போது இணையத்தில் ஒரு பட்டியல் ஏற்ற வேண்டும். பெயர், காப்பீட்டு எண், எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம். யாராவது ஒருவருக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால், ஏன் என்று அந்தப் பட்டியல் கேட்கும். பதிலை நாமாக எழுத முடியாது. விடுப்பில் இருக்கிறார், பணியை விட்டு விலகினார், ஓய்வு பெற்றார், இறந்துவிட்டார், வேலைநிறுத்தம், ஆட்குறைப்பு, வேலை இல்லை என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘உடம்பு சரியில்லாமல் போனதால் அனுப்பிவிட்டோம்’ என்று ஒரு காரணம் அந்த வரிசையில் கிடையாது.

மென்பொருள் எழுதியவரின் மறதி என்று இதை விட்டுவிடலாம். ஆனால் இந்த மறதிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கும் மறைமலைநகருக்கும் புதுச்சேரிக்கும் வேலைக்குப் போய், நோயோடு திரும்பி வருகிற ஆட்களிடம் ‘ஏன் வேலைய விட்டீங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஒடம்புக்கு முடியலைங்க, வந்துட்டேன்’ என்பார்கள். வெளியே அனுப்பப்பட்டவரும் ‘வந்துட்டேன்’ என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லைத்தான் கம்ப்யூட்டரும் பதிந்துகொள்கிறது: விலகினார்.

நோய் வேறு, வேலையின்மை வேறு என்று முதலில் கோடு போட்டவர்கள் ஐரோப்பியர்கள். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். வேலையின்மைக் காப்பீடு அங்கே வருவதற்கு 1927 ஆகிவிட்டது. பிரிட்டன் இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தது, 1911 தேசியக் காப்பீட்டுச் சட்டம். ஒரே சட்டம்தான், ஆனால் உள்ளே இரண்டு பாகம். முதல் பாகம் நோய்க்கு. ஆண் தொழிலாளிக்கு வாரம் 10 ஷில்லிங், 26 வாரம் வரை. இரண்டாம் பாகம் வேலையின்மைக்கு. கட்டுமானம், கப்பல் கட்டுதல், பொறியியல் மாதிரி சில தொழில்களுக்கு மட்டும், வாரம் 7 ஷில்லிங், வருடத்துக்கு 15 வாரம். இரண்டாம் பாகத்துப் பணம் வேண்டுமென்றால், வேலை செய்யத் தெம்பு இருக்கிறது, வேலைதான் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதல் பாகம், திடமாக நின்று வேலை தேடுபவருக்கு இரண்டாம் பாகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆறு மாதம் படுத்து எழுந்தவர், பழைய வேலை போய்விட்டது, பாதித் தெம்புதான் திரும்பியிருக்கிறது, கனம் தூக்க முடியாது, உட்கார்ந்து செய்கிற வேலை இருந்தால் செய்வார் என்றால் அவர் எந்தப் பாகம்? முதல் ஜன்னலில் ‘உனக்குக் குணமாகிவிட்டதே’ என்பார்கள். இரண்டாவது ஜன்னலில் ‘உனக்கு இன்னும் குணமாகவில்லையே’ என்பார்கள். இரண்டு ஜன்னலிலும் உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்லவில்லை.

ஒரு விஷயத்துக்காக அந்தச் சட்டத்தைப் பாராட்டலாம். பணம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு உண்டு என்று அன்றைக்கே எழுதி வைத்தார்கள். அதிகாரி மறுத்தால் ஒரு நடுவர் மன்றம். அதில் முதலாளி தரப்பில் ஒருவர், தொழிலாளி தரப்பில் ஒருவர், நடுவே தலைவர். அதற்கும் மேலே ‘அம்பயர்’ என்றே பெயர் வைத்து ஒரு பதவி. கிரிக்கெட் ஆடுகிற நாடு, வேறு என்ன பெயர் வைப்பார்கள்.

அமெரிக்கா 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது வேலையின்மைக் காப்பீட்டை மாநிலங்களிடம் விட்டது. அங்கேயும் அதே நிபந்தனைதான்: வேலை செய்ய முடிகிறவராகவும், கூப்பிட்டால் வரத் தயாராகவும் இருக்க வேண்டும். வேலையின்மைப் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே நோய் வந்துவிட்டால் அந்த வாரத்திலிருந்து பணம் நிற்கும். கஷ்டம் இரண்டு மடங்கு ஆகிற வாரத்தில் உதவி பூஜ்யம் ஆகும். இந்தக் கோணலைக் கவனித்தது ரோட் ஐலண்ட் என்ற மிகச் சிறிய மாநிலம். தொழிலாளர்களே வேலையின்மை நிதிக்குக் கட்டிவந்த பணத்தில் ஒரு பங்கைப் பிரித்து, நோயால் வேலை செய்ய முடியாதவருக்குக் கொடுக்கலாம் என்று 1942இல் சட்டம் போட்டது. 1946இல் கலிஃபோர்னியா, அடுத்து நியூ ஜெர்சி, நியூயார்க். அமெரிக்கா முழுக்க இது பரவவில்லை. இருந்தாலும் இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார் என்பதை ஒரு சட்டசபை கண்ணால் பார்த்துச் சட்டமாக எழுதியது அங்கேதான்.

இந்தியாவில் அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அவருக்குத்தான் ஊர் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை கொடுத்த தொழிலாளர் ராயல் கமிஷனைப் பற்றிச் சொல்கிறேன். தலைவர் ஜே.எச். விட்லி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன்னாள் சபாநாயகர். உறுப்பினர்களில் என்.எம். ஜோஷி இருந்தார், நம்ம பக்கத்து வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியும் இருந்தார். ஆலைத் தொழிலாளிகளின் வாழ்க்கையைப் பற்றி அந்தக் காலத்தில் அவ்வளவு விரிவாகத் தொகுத்த ஆவணம் வேறில்லை. இன்றைக்கும் படிக்கலாம், சலிக்காது. நோய்க் காப்பீடு வேண்டும், அதற்கான கணக்கெடுப்பைத் தொடங்குங்கள் என்றது கமிஷன். தேசிய அளவில் வேலையின்மைக் காப்பீடு இந்தியாவில் நடக்கிற காரியமில்லை என்றது. அதோடு, இந்தியத் தொழிலாளி ஊர்த் தொடர்பை அறுத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது, அந்தத் தொடர்பை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் எழுதியது. நோய் வந்தாலும், பிரசவம் ஆனாலும், வேலை போனாலும், வயதானாலும் அவர் ஒதுங்குவதற்கு ஊர் இருக்கிறது என்பது அதன் வாதம். ஊர்தான் காப்பீடு.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்துத் தென்னாற்காட்டுக்காரருக்குப் பெரம்பூர் மில்லில் வேலை கிடைத்திருந்தாலும் அறுப்புக்கும் பொங்கலுக்கும் ரயிலேறி வருவார். நெஞ்சில் சளி கட்டி ரத்தம் வந்தால் தாம்பரம். டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கி 1937இல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட காசநோய் சானடோரியம் அது. அங்கே இடம் கிடைக்காதவர், கிடைத்தும் காத்திருக்க முடியாதவர், அடுத்த ரயிலில் ஊர். மில்காரருக்கு இது வசதி. நோயாளி எவருடைய கணக்கிலும் வராமல் சைதாப்பேட்டையைத் தாண்டிப் போய்விடுவார். அந்த ஊரில் அவருக்கு ஒரு காணி நிலமாவது இருந்ததா, அண்ணன் தம்பி எத்தனை மாதம் சோறு போட்டார்கள், வைத்தியத்துக்கு எந்த மாட்டை விற்றார்கள் என்பதை எந்தக் கமிஷன் கணக்கிடுவது? நிலமே இல்லாத சேரிக்காரருக்கு ஊர் எப்படிக் காப்பீடாகும் என்ற கேள்வி அந்த வாதத்துக்குள் வரவே இல்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1943 மார்ச்சில், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுக்குத் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் கொடுக்கப்பட்டது. அப்போது வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அம்பேத்கரிடம் இருந்தது. முந்தின வருடம்தான் லண்டனில் பெவரிட்ஜ் அறிக்கை வெளியாகி உலகம் முழுக்கப் பேச்சாக இருந்தது. அதார்க்கருக்கு ‘சோட்டா பெவரிட்ஜ்’ என்றே பெயர் வந்தது. ஆனால் பெரிய பெவரிட்ஜ் நோய், வேலையின்மை, முதுமை எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தார். சோட்டா பெவரிட்ஜிடம் கேட்கப்பட்டது நோய் மட்டும்தான். 1944 ஆகஸ்டில் அவர் கொடுத்த அறிக்கையின் மேல்தான் 1948 ஏப்ரலில் இ.எஸ்.ஐ. சட்டம் எழும்பியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் காப்பீட்டாளராக, கௌரவமாக, அவர் பெயரையே பதிந்தார்கள். 1955இல் திட்டம் கோவைக்கு வந்தது.

இடையில் 1950இல் அரசியல் சட்டம் வந்திருந்தது. அதன் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் அரசின் உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்கிறது. நான்கு சொற்களும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சட்டங்களாக மாறியபோது அவை தனித்தனியாகப் போய்விட்டன. வேலையின்மை என்ற சொல்லுக்கு மட்டும் 2005 வரை இ.எஸ்.ஐ.யில் இடம் கிடைக்கவில்லை.

1948 இ.எஸ்.ஐ. சட்டத்தில் 73ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. எனக்கு அந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த இடம். நோய்ப்பலன் வாங்கும் காலத்தில், சிகிச்சையில் இருக்கும் காலத்தில், விதிப்படி சான்று பெற்ற நோயால் வேலைக்கு வராத காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. அப்படி நோட்டீஸ் கொடுத்தாலும் செல்லாது. கூலிக்காரனைக் காய்ச்சலோடு வெளியே தள்ளுவது வழக்கமாக இருந்த நாட்டில் இது பெரிய விஷயம். அப்புறம் 1950இல் எழுதிய விதிமுறைகளில் 98ஆவது விதி வந்து இந்தச் சுவரில் ஒரு கதவு வைத்தது. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் நோயாக இருந்தால், பணி நிபந்தனை அனுமதித்தால், முறையான நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம். காசநோய், தொழுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு மட்டும் 18 மாதம் பொறுக்க வேண்டும்.

அந்தக் கதவைத் திறந்து வெளியே வருகிறவருக்கு என்ன கிடைக்கும்? அதற்கு 1953க்குப் போக வேண்டும். ஜவுளி ஆலைகளில் துணி விற்காமல் தேங்கி, ஆட்களை உட்கார வைக்கும் அபாயம் வந்த வருடம். மத்தியத் தொழிலாளர் அமைச்சராக வி.வி. கிரி இருந்தார். அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டு, பிறகு தொழில் தகராறு சட்டத்தையே திருத்தினார்கள். ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ், வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு என்பது அப்போது வந்ததுதான். ஆட்குறைப்பு என்றால் என்ன என்று வரையறுத்தபோது, எவையெல்லாம் ஆட்குறைப்பு ஆகாது என்றும் மூன்று எழுதினார்கள். ஒன்று, தொழிலாளி தானாக ஓய்வு பெறுவது. இரண்டு, வயது முதிர்ந்து ஓய்வு பெறுவது. மூன்று, தொடர்ந்த உடல்நலக் குறைவின் காரணமாகப் பணி முடிக்கப்படுவது.

மூன்றாவதை முதல் இரண்டோடு சேர்த்து வைத்ததுதான் விசித்திரம். ஓய்வு பெறுகிறவர் தயாராக இருப்பார், கையில் ஏதாவது வைத்திருப்பார். நோயாளி? துணி விற்காததற்குத் தொழிலாளி பொறுப்பில்லை, அதனால் நஷ்டஈடு. சரி. நுரையீரல் கெட்டுப்போனதற்கு மட்டும் அவர் பொறுப்பா? பஞ்சுத்தூசியில் நின்றவர் அவர். 1976இல் ஸ்டேட் வங்கி வழக்கொன்றில் நீதிபதி கிருஷ்ணய்யர், எந்தக் காரணத்தால் வேலை முடிந்தாலும் அது ஆட்குறைப்புதான் என்று அந்தச் சொல்லை அகலமாகத் திறந்து வைத்தார். அந்தத் திறப்பும் நோயாளிக்குப் பயன்படவில்லை. அவரைச் சட்டமே பெயர் சொல்லி வெளியே நிறுத்தியிருந்தது. 1972 பணிக்கொடைச் சட்டம் கொஞ்சம் கருணையானது. விபத்தாலோ நோயாலோ செயலிழந்து வேலை போனால் ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. நோயை ஒரு காரணமாக மதித்து எழுதப்பட்ட ஒன்றிரண்டு இடங்களில் அது ஒன்று.

இந்தக் கதையில் விழுப்புரத்துக்கு நேரடியாக ஒரு பங்கு உண்டு, பஸ் வழியாக. 1975இல் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் இங்கே தலைமையிடம் வைத்துத் தொடங்கியது. இன்றைக்கு அதுதான் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். பஸ் ஓட்டுவது கண்ணை நம்பிய தொழில். நாற்பது வயதுக்கு மேல் கண் மங்கினால் மருத்துவக் குழு ‘தகுதியில்லை’ என்று எழுதும், வேலை போகும். இது எல்லா மாநிலக் கழகங்களிலும் இருந்த வழக்கம். ராஜஸ்தான் ஓட்டுநர்கள் சிலர் இதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 1990இல் தீர்ப்பு. நீதிமன்றம் சொன்னதை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். சட்டப்படி இது உடல்நலக் குறைவால் வந்த நீக்கம், ஆகவே ஆட்குறைப்பு ஆகாது என்றது. இப்படி நீக்குவது நியாயமில்லை என்றும் சொன்னது. இத்தனை வருடம் ரோட்டைப் பார்த்துப் பார்த்துத்தானே அந்தக் கண் கெட்டது? மாற்று வேலை கொடுங்கள், முடியாவிட்டால் பணிக்காலத்துக்கு ஏற்பக் கூடுதல் நஷ்டஈடு கொடுங்கள் என்றது. சட்டத்தில் இல்லாத ஒன்றை நியாயத்தின் பெயரால் நீதிமன்றம் கட்டிக்கொடுத்த தீர்ப்பு.

அடுத்து 1995 ஊனமுற்றோர் சட்டம் வந்தது. வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டவரை அரசு நிறுவனம் நீக்கக்கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்றது அதன் 47ஆம் பிரிவு. மதுரைக் கோட்டத்து ஓட்டுநர் ஒருவருக்கு நிறக்குருடு. சட்டத்தின் ஊனப் பட்டியலில் நிறக்குருடு இல்லையே என்றது கழகம். பட்டியலில் இல்லாவிட்டாலும் பாதுகாப்பு உண்டு என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2016 சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு தொடர்கிறது, ஆனால் அரசு நிறுவனங்களுக்கு மட்டும்.

இப்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் போய் நில்லுங்கள். புதுச்சேரி போகும் அரசு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும். ஒரே ரோடு, ஒரே வெயில், எதிரே வருகிற அதே ஹெட்லைட். இரண்டு டிரைவருக்கும் ஒரே வருடம் கண் மங்கினால், ஒருவர் டிப்போவில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பார். அதற்கும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கலாம், ஆனால் அலைவதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. பேட்டா வாங்கி ஓட்டுகிற மற்றவரிடம் முதலாளி ‘நாளைலேர்ந்து வராத’ என்றால் அதோடு முடிந்தது. அரசு டிரைவருக்கும் அது ஊனமாக இருந்தால்தான் வழி. ஒரு வருடம் மருந்து சாப்பிட்டால் தீர்ந்துவிடக்கூடிய நோயாக இருந்தால், 2016 சட்டத்தில் அவருக்கும் இடமில்லை.

வேலையின்மைப் பலன் என்று இந்தியத் தொழிலாளிக்கு ஒன்று கிடைத்தது 2005 ஏப்ரலில், ராஜீவ் காந்தி பெயரிலான திட்டத்தில். ஆலை மூடினால், ஆட்குறைப்பு நடந்தால், வேலை சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டால் படி உண்டு. நோயாளிக்கு? 1953இல் ஆட்குறைப்பு ஆகாது என்று எழுதிவிட்டார்களே. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நஷ்டஈட்டுக்காகப் போட்ட கோடு, இப்போது உதவித்தொகைக்கும் கோடாகிவிட்டது.

2018 ஜூலையில் அடல் பெயரில் இன்னொரு திட்டம் வந்தது. இதுதான் கொஞ்சம் அகலமான வாசல். குறிப்பிட்ட காலம் காப்பீட்டில் இருந்தவருக்கு வேலை போனால், வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள், சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம். கொரோனா வந்தபோது 50 சதவீதம் ஆக்கினார்கள். விண்ணப்பத்தை முதலாளி வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்ற விதியையும் அப்போதுதான் எடுத்தார்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், வயதாகி ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர், இந்த மூன்று பேருக்கும் கிடையாது. கவனியுங்கள், இந்தப் பட்டியலில் நோயாளி இல்லை! நோயால் நீக்கப்பட்டேன் என்று ஒரு கடிதம் கையில் இருந்தால் இந்த வாசலில் நுழையலாம். அந்தக் கடிதத்தை யார் கொடுப்பார்கள் என்பதுதான் விஷயம்.

(மாநில அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகக் கொடுக்கும் உதவித்தொகை பற்றிக் கேட்பீர்கள். அது பதிவு செய்து ஐந்து வருடம் வேலை கிடைக்காமல் காத்திருக்கும் இளைஞர்களுக்கு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, பட்டதாரிக்கு 600. இருந்த வேலையை இழந்தவருக்கான ஏற்பாடு அது இல்லை.)

திண்டிவனத்தில் நண்பன் ஒருவன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ஆள் இல்லாத நாட்களில் நான் உட்காருவேன். அங்கே ஒரு அண்ணன் வந்தார். ஒரகடம் பக்கம் கார் உதிரி பாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டர் மூலமாக நாலரை வருடம் வேலை. முதுகெலும்பில் காசநோய். இருமல் இல்லாத காசநோய் என்பதால் கண்டுபிடிக்கவே நாளாகியிருக்கிறது. வாடகை ரூமில் படுத்திருந்தால் யார் கஞ்சி கொடுப்பது? ஊருக்கு வந்துவிட்டார். பக்கத்து அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை கொடுத்தார்கள், நல்லபடியாகப் பார்த்தார்கள். ஏழாவது மாதம் கான்ட்ராக்டர் ஆபீஸிலிருந்து போன் வந்தது, ‘கணக்கு முடிச்சிக்கலாம், வா’. போனார். இங்கிலீஷில் டைப் அடித்த தாள் ஒன்று தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று அதில் இருந்தது.

வேலையின்மை நிவாரணத்துக்கு விண்ணப்பித்தபோது விருப்ப விலகல் என்று திருப்பிவிட்டார்கள். கம்பெனி பதிந்த காரணமும் அதுதான், அவர் கையெழுத்தும் அதில்தான் இருந்தது.

அவருடைய தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் விட்லி கமிஷன் எனக்கு நினைவுக்கு வந்தது. காசநோய்க்கு 18 மாதம் வரை நீக்க முடியாது, ஏழு மாதத்தில் அனுப்பியது விதிமீறல். நோயால் நீக்கினேன் என்று கான்ட்ராக்டர் உண்மையை எழுதினால் 73ஆம் பிரிவில் மாட்டுவார். ஆட்குறைப்பு என்று எழுதினால் நாலரை வருடத்துக்கு நஷ்டஈடு எண்ணி வைக்க வேண்டும். ‘விலகினார்’ என்ற சொல்லில் மட்டும் ஒரு பைசா செலவில்லை. சரி, 73ஆம் பிரிவையே பிடிப்போம் என்றால், அது ‘விதிப்படி சான்று பெற்ற’ நோய் என்றது. சான்று இ.எஸ்.ஐ. மருத்துவர் கொடுத்ததாக இருக்க வேண்டும். நியாயமான சூழல் இருந்தால் வேறு ஆதாரத்தையும் ஏற்கலாம் என்று விதி சொல்கிறது, ஆனால் அதை ஏற்க வைப்பது தனிப் போராட்டம். நீண்ட நோய்க்குச் சம்பளத்தில் 80 சதவீதம் கொடுக்கிற இ.எஸ்.ஐ. பலனும் இந்தச் சான்றோடு சேர்ந்து போய்விட்டது. அவர் ஊருக்கு வராமல் ரூமிலேயே கிடந்து இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு நடந்திருந்தால் எல்லாத் தாளும் சரியாக இருந்திருக்கும். ஊர் காப்பாற்றும் என்று 1931இல் எழுதினார்கள். ஊர் காப்பாற்றவும் செய்தது, மாத்திரை கொடுத்து, சோறு போட்டு. அந்த ஊருக்கு வந்த குற்றத்துக்குத்தான் அவர் கையில் சான்று இல்லை.

தனி ஒருவர் பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழில் தகராறு எழுப்பலாம் என்றது பழைய தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவு. சங்கம் தேவையில்லை. சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாளில் முடியாவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். நீக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும் என்பது அப்போது இருந்த விதி. எங்கள் மாவட்டத்துக்கு அது கடலூரில். மனுவை எழுதிக் கொடுத்தோம். மருத்துவமனைச் சீட்டு, மாத்திரை அட்டை, ஸ்கேன், ஊரில் இருந்தபோது சூப்பர்வைசருக்கு அவர் அனுப்பிய வாட்ஸப் செய்திகள் எல்லாம் இணைப்பு. முதல் வாய்தாவுக்கு கான்ட்ராக்டர் தரப்பில் ஒருவர் வந்தார். ‘அவரேதாங்க எழுதிக் குடுத்தாரு’ என்றார். சமரச அதிகாரி தாளைப் புரட்டிவிட்டு, ‘ஏழு மாசம் ஆள் வரல. அந்த ஏழு மாசத்துல ஏன் வரலன்னு கேட்டு நீங்க ஒரு லெட்டர்கூட போடலியே, ஏன்?’ என்றார். வந்தவர் ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார். அடுத்த இரண்டு வாய்தாவுக்கும் யாரும் வரவில்லை. 45 நாள் முடிந்தது.

அண்ணன் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் நைட் வாட்ச்மேன். முதுகுக்கு பெல்ட் போட்டிருக்கிறார், கனம் தூக்கக்கூடாது. மூன்று வருடக் கெடுவில் அவருக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. கடலூருக்கு எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்று கேட்டார். வாய்தாவைப் பொறுத்தது, நிறைய தடவை ஆகலாம் என்றேன்.

‘பரவால்ல தம்பி. ராத்திரி வேலதான, பகல்ல போயிட்டு வந்துர்லாம்.’